வீழ்ச்சியில் நின்றுவிடும் வரலாறுகள்

வாழ்க்கை வரலாறு இலக்கியத்தின் ஒரு துறை. அதனைப் புகழ்மாலை என்று கருதுவோரும் உளர். படிப்பினை நூல் என்று கருதுவோரும் உளர். இரண்டுக்கும் அதில் இடமுண்டு. ஆயினும் ஒரு மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதை உள்ளபடி காட்டுவதே அதன் முதற்கடமை. அக்கடமையில் தவறிய நூல் எத்துணை அழகிய நடையில் அமைந்திருப்பினும் வரலாறு ஆகாது. இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, உடற்குறை உற்ற பெருமக்களின் வாழ்க்கை தமிழில் எழுதப்பெறும் முறையை ஆராய விரும்புகிறோம். நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் மலர்ந்த ஒரு வாழ்க்கை.

கடலும் வகுப்பறையும்

படையில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிப் பள்ளி ஆசிரியரானவர்களை நம் நாட்டில் பல ஊர்களிலும் காணலாம். காலையில் மணி அடிக்குமுன் வாயிலில் வந்து நிற்பவர் அவராகவே இருப்பார். அத்தகைய ஒருவரைப் பற்றி எழுதப் புகுவோர் என்ன செய்கின்றனர்? கப்பலையும் புயலையும் அயல்நாட்டுத் துறைமுகங்களையும் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். பின்னர் ஆசிரியப் பணி ஏற்று நற்றொண்டு புரிந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். கடலில் கழிந்தவை சில ஆண்டுகள். வகுப்பறையில் கழிந்தவையோ அதனினும் பல. இருந்தும் ஏடு முழுவதையும் கடலே நிறைத்துக்கொள்கிறது.

காரணம் எளிது. கடலில் நிகழ்ச்சி உண்டு. வகுப்பறையில் நிகழ்ச்சி இல்லை என்று எழுதுவோர் எண்ணிக்கொள்கின்றனர். அதே பாடம், அதே கரும்பலகை, ஆண்டுதோறும் புதிய முகங்கள். இதில் எழுத என்ன இருக்கிறது என்பது அவர்களின் எண்ணம். ஆனால் ஒரு மனிதரின் வாழ்வில் பெரும்பகுதி எதில் கழிந்ததோ அதுதானே அவருடைய வாழ்வு? அதனை எழுதும் பொறுமை இல்லாதவர் வரலாறு எழுதப் புகுதல் தகாது.

இக்குறை எங்கும் காணப்படுவதே. ஆயினும் எழுதப்படுபவர் உடற்குறை உற்றவராயின் அது பன்மடங்காகப் பெருகிவிடுகிறது. அங்கே கடலின் இடத்தை விபத்து பிடித்துக்கொள்கிறது. வீழ்ந்த நாள் நுணுக்கமாக எழுதப்படுகிறது. எழுந்து செய்த வேலை மறைந்துபோகிறது.

ஆய்க்குடியின் வாழ்க்கை

குற்றாலத்துச் சாரல் எட்டும் நிலப்பகுதியில், தென்காசிக்கு அருகே அமைந்த சிற்றூர் ஆய்க்குடி. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கிற்று. கடையெழு வள்ளல்களில் ஒருவனும் பொதிய மலைத் தலைவனுமாகிய ஆய் ஆண்டிரனின் ஆய்குடி இதுவே எனக் கூறுவாரும் உண்டு. புலவர்க்கு யானைகளைப் பரிசளித்தவன் என்று சங்கப் பாடல்கள் புகழும் வள்ளல் அவன்.

இவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராயிருந்தபோது கடற்படை அதிகாரியாக விரும்பினார். 1975-ஆம் ஆண்டு சனவரியில் பெங்களூரில் அதற்கான தேர்வு நடைபெற்றது. உடல் வலிமையைச் சோதிக்கும் கட்டத்தில் அவர் உயரத்திலிருந்து வீழ்ந்து கழுத்தெலும்பில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழ் உடல் செயலற்றுப் போயிற்று. பல மாதங்கள் இராணுவ மருத்துவமனையில் இருந்த அவருக்கு மருத்துவம் செய்து வாழ்வில் பற்று உண்டாக்கியவர், விமானப் படையின் உயர் பதவியில் இருந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல்.

ஐக்கிய நாடுகள் அவை 1981-ஐ உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டில் இராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். தம் மருத்துவரின் பெயரைச் சூட்டி அதனை அமர் சேவா சங்கம் என்றழைத்தார். ஓலைக் கொட்டகையில் ஐந்து குழந்தைகளோடு தொடங்கிய பணி அது. பின்னர் முப்பது ஏக்கர் வளாகமாக விரிந்தது. உடற்குறை உள்ள குழந்தைகளும் இல்லாத குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ் பயிலும் பள்ளியும், உறுப்புப் பயிற்சி நிலையமும், ஊர்தோறும் சென்று பணிபுரியும் அமைப்பும் அங்கே உருவாயின. தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கிய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992-இல் சென்னையை விட்டு வந்து இப்பணியில் சேர்ந்தார். இராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கடற்படையில் அவர் ஒருநாளும் பணியாற்றவில்லை. அதன் வாயிலில் வீழ்ந்தார். ஆனால் பள்ளியின் வாயிலில் பல்லாண்டுகள் அமர்ந்திருந்தார். இவ்விரண்டில் எது அவருடைய வரலாறு?

இரக்கமும் வியப்பும்

இத்தகையோரைப் பற்றி நாளேடுகளிலும் விழா மலர்களிலும் தன்னம்பிக்கை நூல்களிலும் வெளிவரும் எழுத்தில் ஓர் அமைப்பு மாறாது காணப்படுகிறது. முதலில் துடிப்புள்ள இளைஞர், அடுத்து வீழ்ச்சி, அடுத்து கண்ணீர், அடுத்து திடீரென ஒரு மாளிகையும் விருதும். கண்ணீருக்கும் மாளிகைக்கும் இடையே என்ன நடந்தது என்பதற்கு விடாமுயற்சி என்னும் ஒரு சொல்லே விடையாகிறது.

1975-க்கும் 1981-க்கும் இடையே ஆறாண்டுகள் உள்ளன. கழுத்துக்குக் கீழ் உணர்வற்ற ஒருவரைப் படுக்கையில் இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. தவறினால் படுக்கைப் புண் உண்டாகும். அது உயிருக்கே உலை வைக்கும். இரவிலும் இவ்விதிக்கு விலக்கில்லை. ஆறாண்டு இரவுகளை எண்ணிப் பாருங்கள். திருப்பிய கைகள் யாருடையவை? சொல்லச்சொல்லக் கடிதம் எழுதியவர் யார்? ஐந்து குழந்தைகளின் பெற்றோர் முதலில் மறுத்தார்களா, இசைந்தார்களா? தவழ்ந்து வந்த பிள்ளையைப் பள்ளிக்குத் தூக்கி வந்தவர் யார்? ஆசிரியருக்கு முதல் மாதச் சம்பளம் எங்கிருந்து வந்தது? வரலாறு எழுதுவோர் விடை தேடவேண்டிய வினாக்கள் இவையே. இவற்றுக்கு விடை கூறும் நூல் தோன்றுமானால், அதனைப் படித்து இன்னோர் ஊரில் இன்னொருவர் ஒரு பள்ளியைத் தொடங்கலாம். வீழ்ச்சியையும் விருதையும் மட்டும் படித்தவர் பெருமூச்சு விடலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலாது.

அந்த ஐந்து குழந்தைகளின் காலம் எத்தகையது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1981-இல் இளம்பிள்ளை வாதம் நம் நாட்டில் பரவலாக இருந்தது. இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் கண்டறியப்பட்டது 2011-இல். நாடு அதனின்றும் விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது 2014-இல். கால் சூம்பிய பிள்ளை இல்லாத தெரு அரிதாயிருந்த நாளில், அப்பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று ஒருவர் எண்ணியதே வரலாறு. இந்தப் பின்னணியை நீக்கிவிட்டால், எஞ்சுவது ஒரு தனிமனிதரின் வீரக்கதை மட்டுமே.

இவ்வகை எழுத்தின் இன்னொரு குறை, அது யாரை நோக்கி எழுதப்படுகிறது என்பதில் உள்ளது. இவராலேயே முடிந்ததே, உன்னால் முடியாதா என்று நலமுள்ள வாசகரைப் பார்த்து அது கேட்கிறது. உடற்குறை உள்ளவர் அங்கே பிறருக்குக் காட்டப்படும் படமாகிவிடுகிறார். உடற்குறை உள்ள வாசகர் ஒருவர் அக்கட்டுரையைப் படித்தால், பள்ளியின் படிகளை எப்படிக் கடப்பது, ஒதுக்கிடத்துக்கு யார் துணையோடு செல்வது, தேர்வில் யார் எழுதித் தருவர் என்னும் தம் கவலைகளுக்கு அதில் ஒரு வரியும் காணார். இரக்கம் கீழே பார்க்கிறது. வியப்பு மேலே பார்க்கிறது. நேருக்குநேர் பார்க்கும் பார்வையே வரலாற்றுக்கு வேண்டுவது.

இத்தகைய கட்டுரைகளால்தானே பொருளுதவி கிடைக்கிறது என்று சிலர் வாதிப்பர். அதனை நாம் மறுக்கவில்லை. கண்ணீர் கொடையைத் தூண்டும், அக்கொடையால் பசி ஆறும், கட்டடம் எழும். ஆயினும் கண்ணீரால் பிறந்த கொடை கண்ணீர் உலர்ந்ததும் நின்றுவிடும். ஒரு கணக்காளர் ஏன் தம் தொழிலை விட்டு ஒரு சிற்றூருக்கு வந்தார் என்பதை விளங்கிக்கொண்ட வாசகரோ, அந்நிறுவனத்தை ஆண்டுதோறும் நினைப்பார்.

பெயரில் அமைந்த பொருள்

அமர் என்னும் சொல் இங்கே ஒரு வடநாட்டு மருத்துவரின் பெயரின் முற்பகுதி. ஆனால் தமிழில் அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பெயர்ச்சொல்லாய் நிற்கும்போது போர் என்பது பொருள். வினையாகும்போது உட்காருதல் என்பது பொருள். போருக்குச் செல்ல விரும்பியவர் அமர்ந்தார். அமர்ந்த இடத்திலிருந்தே வேறொரு அமரை நடத்தினார். பெயர் சூட்டியவர் இதை எண்ணிச் சூட்டவில்லை, நன்றிக்கடனாகவே சூட்டினார். ஆயினும் தமிழறிந்த வரலாற்றாசிரியர் ஒருவருக்கு இதனினும் சிறந்த தலைப்புக் கிடைக்குமா?

தமிழ் மரபுக்கு இந்த நேர்ப்பார்வை புதிதன்று. ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் முடங்கியவர் என அமைந்த இரட்டைப் புலவர்களை நாம் அறிவோம். முடவர் வழி காட்ட, குருடர் அவரைச் சுமந்து நடந்தார் என்பது செவிவழிச் செய்தி. ஆயினும் தமிழுலகம் அவர்களைப் போற்றுவது ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிக்கும் புலமைக்காகவே. குறை அவர்தம் அடையாளம். கவிதையே அவர்தம் வரலாறு.

தாஹா ஹுஸைன் காட்டிய வழி

அரபு இலக்கியத்தில் இதற்கு ஓர் உயர்ந்த சான்று உண்டு. எகிப்திய அறிஞர் தாஹா ஹுஸைன் 1889-இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் கண்ணோய்க்குத் தக்க மருத்துவமின்றிப் பார்வை இழந்தார். சிற்றூர் மக்தபில் திருக்குர்ஆனை மனனம் செய்து, அல்அஸ்ஹரில் பயின்று, கெய்ரோவிலும் பாரிஸிலும் முனைவர் பட்டங்கள் பெற்றார். 1950-இல் எகிப்தின் கல்வியமைச்சராகிக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கப் பாடுபட்டார். அவருடைய தன்வரலாறு அல்அய்யாம், அதாவது நாட்கள்.

அந்நூலில் அவர் தம்மை நான் என்று சொல்வதில்லை. சிறுவன் என்று படர்க்கையிலேயே குறிக்கிறார். தம் துயரைத் தாமே சற்று விலகி நின்று காணும் நடை அது. ஒருநாள் உணவு உண்ணும்போது, ஒரு கையால் எடுப்பதை இரு கைகளாலும் எடுத்துப் பார்ப்போமே என்று சிறுவன் எண்ணுகிறான். உடன்பிறந்தோர் நகைக்கின்றனர், தாய் அழுகிறாள், தந்தை துயரத்தோடு மெல்லத் திருத்துகிறார். அன்று முதல் பிறர் முன் உண்ணக் கூசும் உணவுகளையெல்லாம் அவன் விலக்கிவிடுகிறான். கண்ணிழந்தேனே என்று ஓலமிடும் வரி அங்கே இல்லை. உணவுத் தட்டு ஒன்றே பேசுகிறது. படிப்பவர் உள்ளத்தில் இரக்கம் எழுவதில்லை, அறிவு பிறக்கிறது. தம் வீட்டுப் பிள்ளை எதற்காக உண்ண மறுக்கிறது என்பது அன்றே அவருக்கு விளங்கும். இதுவே வரலாற்று இலக்கியத்தின் வெற்றி.

இப்னு உம்மி மக்தூம் (ரலி)

எகிப்தை விட நமக்கு அண்மையில் இருக்கும் சான்று, பெருமானாரின் (ஸல்) திருச்சபையிலேயே உள்ளது. பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. குறைஷித் தலைவர்களோடு நாயகம் (ஸல்) உரையாடிக்கொண்டிருந்த வேளையில் அவர் வந்து கல்வி வேண்டினார். திருமுகம் சற்றே சுருங்கிற்று. அதன் தொடர்பாக அபஸ என்னும் எண்பதாம் அத்தியாயம் இறங்கிற்று. மீலாது மேடைகளில் இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

இங்கே இலக்கிய மாணவர் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. திருமறை அவருடைய குறையை ஒரு சொல்லால் மட்டுமே சுட்டுகிறது. அவர் எப்படிப் பார்வை இழந்தார், எத்துணைத் துன்புற்றார் என்று விரித்துரைக்கவில்லை. அவர் ஆவலோடு வந்தார், கற்கவும் தூய்மையுறவும் விரும்பினார் என்பதே அங்கே எடுத்துரைக்கப்படுகிறது. வினா அவரைப் பற்றியதன்று. யாருடைய சொல்லுக்குச் செவி கொடுப்பது என்பதைப் பற்றியது.

மேடைகளில் இந்நிகழ்ச்சி இத்தோடு முடிந்துவிடுவதைக் காண்கிறோம். அந்தத் தோழரின் வாழ்வு அத்தோடு முடிந்துவிடவில்லை. ஹிஜ்ரத்துக்கு முன்னரே முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களோடு மதீனா சென்று மக்களுக்குத் திருக்குர்ஆனைக் கற்பித்தவர் அவர். ஆம், மதீனாவின் முதல் ஆசிரியர் இருவரில் ஒருவர் பார்வையற்றவர். பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்லும் பொறுப்பு அவருக்கு இருந்தது. ரமலானில் ஸஹர் முடிவதை ஊருக்கு அறிவித்தது அவருடைய பாங்கே. பெருமானார் (ஸல்) வெளியூர் சென்ற காலங்களில் பலமுறை மதீனாவின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. போருக்குச் செல்லும் வேட்கையும் அவருக்கு இருந்தது. இயலாதோர்க்கு விலக்களிக்கும் இறைவசனம் அவருடைய ஏக்கத்தை ஒட்டியே இறங்கியதாக விரிவுரையாளர் கூறுவர். பிற்காலத்தில் காதிஸிய்யாப் போரில் அவர் கொடி தாங்கி நின்றதாகவும் வரலாறு குறிக்கிறது.

படைக்குச் செல்லும் வேட்கை, அதற்குத் தடையான உடல், அதனிடையே ஆசிரியப் பணி. இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, பதினான்கு நூற்றாண்டுகளுக்கு அப்பால் ஆய்க்குடியில் மலர்ந்த வாழ்வின் வடிவம் நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. சமயம் வேறு, காலம் வேறு, நாடு வேறு, மனிதம் ஒன்றே. ஆனால் ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை வாயிலில் காக்கவைக்கப்பட்டவராகவே நாம் நினைவிற்கொண்டுள்ளோம், ஆசிரியராக நினைவிற்கொள்ளவில்லை. வீழ்ச்சியில் நின்றுவிடும் வழக்கம் நம் சொற்பொழிவிலும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் இல்லங்களின் உட்கூடம்

இது வெறும் எழுத்து முறை பற்றிய வழக்கன்று. ஒரு சமுதாயம் எவ்வாறு கதை சொல்கிறதோ அவ்வாறே நடந்துகொள்கிறது. உடற்குறை உள்ள பிள்ளையின் கதை சோதனை என்ற சொல்லோடு முடிந்துவிடும் என்று நம்பும் பெற்றோர், அப்பிள்ளையை உட்கூடத்தில் அமர்த்திவிடுகின்றனர். மூத்த பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் அப்பிள்ளை அடுத்த வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. பொறுமை மிக உயர்ந்த பண்பு. ஆனால் பள்ளியில் சேர்க்காதிருப்பதற்குப் பொறுமை என்று பெயரிடுதல் அப்பண்புக்கே இழுக்கு. மக்தபு மாடியில் நடக்கிறது. ஹவுளின் கரை வழுக்குகிறது. பள்ளிவாசல் முகப்பில் ஏழு படிகள். இவற்றை அமைத்தவர் எவரும் கொடியவரல்லர். சக்கர நாற்காலியில் ஒருவர் ஒளுச் செய்ய வருவார் என்ற கதையை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவே.

சட்டம் முன்னே சென்றுவிட்டது. 1995-இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 2016-இல் விரிவான ஒரு சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. பின்னது இருபத்தொரு வகைக் குறைகளை ஏற்று, குறிப்பிட்ட அளவு குறையுடைய ஆறு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்கியுள்ளது. ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளி என்ற சொல்லைத் தமிழ்நாட்டரசு வழக்குக்குக் கொணர்ந்தது. சொல் மாறிற்று, சட்டம் மாறிற்று. கதை மட்டும் மாறவில்லை. அதனை மாற்றுவது எழுத்தாளரின் பொறுப்பு.

நம் பகுதிக்கு இவ்வகையில் ஒரு தனிக்கடமையும் உண்டு. ஆய்க்குடிக்கு அண்மையிலுள்ள கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கடல் கடந்து சிங்கப்பூரில் உழைத்து வாழ்ந்த நம் மக்கள் பலர். 1946-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் அங்கே உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். 1982-இல் மூடப்படும்வரை அது தமிழ்வழிக் கல்வி வழங்கிற்று. கடலைத் தாண்டியவர்கள் வகுப்பறை கட்டிய வரலாறு இது. கப்பல் பயணத்தை நம் முதியோர் சுவைபடக் கூறுவர். பள்ளி நடந்த முப்பத்தாறு ஆண்டுகளையும் அவ்வாறே கூறக் கேட்டு எழுதிவைத்தல் இளைஞர்க்குரிய பணி. ஆய்க்குடியின் வாழ்வை எழுதுவதும் இதே பணியின் இன்னொரு பகுதி.

நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. உடற்குறை உற்ற ஒருவரைப் பற்றி எழுதப் புகுவோர், அவர் வீழ்ந்த நாளுக்கு ஒரு பத்தி கொடுக்கட்டும். செய்த பணிக்கு மீதி ஏட்டைக் கொடுக்கட்டும். துணைநின்ற கைகளின் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். செலவுக் கணக்கையும் தோல்விகளையும் மறைக்காது எழுதட்டும். சொற்பொழிவாளர் அபஸ அத்தியாயத்தை விளக்கும்போது, அத்தோழர் மதீனாவில் பாடம் நடத்திய காட்சியையும் சேர்த்து விளக்கட்டும். அவ்வாறு எழுதவும் பேசவும் தொடங்கினால், நம் இல்லங்களின் உட்கூடத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஒன்று, தனக்கும் ஒரு வகுப்பறை உண்டு என்று அறிந்துகொள்ளும். அதனைத் தூக்கிச் செல்லும் கைகளும் அவ்வில்லத்திலேயே எழும், இன்ஷா அல்லாஹ்.